ரெண்டேகால் அடி

கால்ல இடிக்குதா சார்? இருங்க, ஜன்னல் பக்கமா சாச்சி வெச்சிக்கறேன். கம்பி இல்ல, துடுப்பு. ரெண்டா கழட்டி சாக்குல சுத்தியிருக்கேன். கண்டக்டர் என்னமோ நான் கடப்பாரையோட ஏறின மாதிரி பாத்துட்டுப் போறாரு.

மரக்காணமா போறீங்க? நான் அதுக்கு முன்னாலயே, கைகாட்டியில எறங்கிடுவேன். எந்தங்கச்சி வீடு அங்க. வேதவல்லின்னு பேரு. அவ கூப்பிட்டுத்தான் போறேன்.

கயாக்குன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? ஒரே ஒருத்தர் உக்காந்து, ரெண்டு பக்கமும் துடுப்பு போட்டுப் போற சின்னப் படகு. பிளாஸ்டிக்தான். தோள்ல தூக்கிட்டு நடக்கலாம். இந்தச் சுத்துவட்டாரத்துல அதை வெச்சிக்கிட்டு ஏரி ஏரியா, ஓடை ஓடையா சுத்தினது ரெண்டே பேரு. நானும், வேதா வீட்டுக்காரரு மாசிலாமணியும்.

இல்லீங்க. போன கார்த்திகையில தவறிட்டாரு.

அதைப் பத்தி ஊர்ல ஆயிரம் பேசுவாங்க. நீங்க வெளியூரு, உங்களுக்கு யாரையும் தெரியாது. அதனால உங்ககிட்ட முழுசா சொல்லலாம். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

நான் சர்வேயரு. முப்பத்து மூணு வருஷம் சர்வீஸ். வரப்பு தகராறு, பாதை தகராறு எதுவா இருந்தாலும் 'கோதண்டபாணி அளந்துட்டாரா, அப்ப சரி'ன்னு ரெண்டு கட்சியும் எழுந்து போயிடும். பெருமைக்குச் சொல்லல. அளவுன்னா அளவு, அவ்வளவுதான். நிலத்தை ஒரு முழம் விடாம அளந்திருக்கேன். ஆனா ஏரின்னு வந்தா படத்துல நீலத்தைத் தீட்டிட்டு விட்டுடுவோம். உள்ள என்ன இருக்குன்னு எவனும் போய்ப் பாத்ததில்ல. ரிடையர் ஆனதும் எனக்கு அந்த நீலத்துக்குள்ள போகணும்னு ஒரு வெறி.

கடலோரத்துல ஒரு ரிசார்ட்டை மூடிட்டாங்க. அங்க கெடந்த ரெண்டு கயாக்கைக் கொண்டுவந்தேன். ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சள். ரெண்டு எதுக்குன்னு கேக்கறீங்களா? தண்ணியில தனியா போகக் கூடாது சார். அது விதி. நான் விதியை மீறுற ஆளில்ல.

மாப்ளை லைப்ரரியன். கிராம நூலகத்துல இருந்து அதே வருஷம் ரிடையர் ஆனவரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, குரலை ஒசத்திப் பேசத் தெரியாத மனுஷன். "மச்சான், எனக்கு நீச்சல் தெரியாதே"ன்னாரு. "ஜாக்கெட் இருக்கு மாப்ள, நீங்க மூழ்கணும்னு நெனச்சாலும் முடியாது"ன்னேன். மொத நாளு துடுப்பை ரெண்டு கையாலயும் மார்ல அணைச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு, கொழந்தையைத் தூக்கி வெச்சிருக்கற மாதிரி. நான்தான் கயித்தைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனேன்.

ஒரு மாசத்துல பழகிட்டாரு. தையில ஆரம்பிச்சோம். ஞாயித்துக்கிழமை தவறாம போவோம். காலைல அஞ்சரைக்கு அவரு வீட்டு வாசல்ல நிப்பேன். வேதா எலுமிச்சம்பழ சாதம் கட்டிக் குடுப்பா. "பத்திரமா கூட்டிட்டு வா"ம்பா. ஒவ்வொரு தடவையும் சொல்வா. எனக்குக் கோவம்தான் வரும். நான் என்ன பொறுப்பில்லாதவனா?

பதினொரு ஏரி பாத்தோம் சார். கரையில நின்னு பாக்கறது வேற, நடுவுல போய்ப் பாக்கறது வேற. ஒரு ஏரியில நடுவுல முழுசா ஒரு கெணறு இருக்கு, வாய் கட்டினது, எந்தப் படத்துலயும் இல்ல. நான் குறிச்சிக்கிட்டேன். மாப்ளைக்கு அதெல்லாம் கணக்கில்ல. திடீர்னு துடுப்பை மடியில வெச்சிட்டு உக்காந்துடுவாரு. "மச்சான், கரையில யாரோ கொழந்தையைத் திட்டறாங்க, இங்க எவ்ளோ தெளிவா கேக்குது பாருங்க"ம்பாரு. கூழைக்கடா ஒண்ணு பக்கத்துல எறங்கினா போதும், அரை மணி நேரம் போயிடும். நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு நிப்பேன். சுத்தி முடிக்கணுமே.

ஏரி முடிஞ்சதும் ஓடைக்கு வந்தோம். நண்டோடைன்னு ஒண்ணு. மேலப்பாக்கத்து ஏரித் தண்ணி வழிஞ்சி கழுவெளிங்கற பெரிய சதுப்புக்குப் போற வழி. ரெண்டு பக்கமும் கருவேல முள்ளு, கோரை, அங்கங்க சேறு. ஆள் நடமாட்டமே இருக்காது. அது நடுவுல உப்பளத்து ரோடு குறுக்க போகுது. ரோட்டுக்கு அடியில மூணு சிமெண்டுக் குழாய். அந்தக் குழாய்க்குள்ள பூந்து அந்தப் பக்கம் போனாத்தான் கழுவெளி.

நான் முன்னாடியே போய் அளந்துட்டேன் சார். ஆவணி இருபத்தி ரெண்டு. குழாய் விட்டம் நாலடி. தண்ணிக்கும் மேல்கூரைக்கும் நடுவுல ரெண்டேகால் அடி. நீளம் இருபத்தி ரெண்டடி. படகுல மல்லாக்கச் சாஞ்சி, கையால கூரையைத் தள்ளிக்கிட்டே போனா ஒரு நிமிஷத்துல அந்தப் பக்கம். குழாய் ஓரத்துல தண்ணி மட்டத்துக்குச் சேப்புப் பெயிண்டுல ஒரு கோடு போட்டு, பக்கத்துல அளவையும் எழுதி வெச்சேன். புரட்டாசியில ஒரு தடவை ரெண்டு பேரும் போயிட்டும் வந்தோம். நான் முன்னால, அவரு பின்னால. வெளிய வந்து சின்னப் பையன் மாதிரி சிரிச்சாரு. "மச்சான், உள்ள வௌவால் இருக்கு, பாத்தீங்களா?"ன்னாரு.

அப்புறம் ஐப்பசி மழை. மூணு வாரம் வெளிய போக முடியல. கார்த்திகை பொறந்து ரெண்டு நாளு வெயில் அடிச்சிது. சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணேன். "நாளைக்குப் போலாம் மாப்ள." அவரு யோசிச்சாரு. "தண்ணி ஜாஸ்தியா இருக்குமோ?"ன்னாரு. "மழைதான் விட்டுடுச்சே"ன்னேன்.

போனோம். நல்ல வெயில். ஓடை நெறஞ்சி போகுது, செம்மண் கலர்ல. துடுப்பு போடவே வேணாம், அதுவா இழுத்துக்கிட்டுப் போச்சு. மாப்ளை கூட, "இன்னிக்கு என்ன மச்சான், யாரோ புடிச்சி இழுக்கற மாதிரி இருக்கு"ன்னாரு. பறவை ஒண்ணு கூட இல்ல. அதையும் அவருதான் சொன்னாரு.

குழாய்க்கு நூறடி முன்னால அஞ்சலை உக்காந்திருந்தா. அவளும் அவ புருஷன் எட்டியப்பனும் அந்த ஓடையிலதான் பொழைக்கறாங்க. தண்ணியில உக்காந்து கையால தடவித் தடவி எறா புடிப்பா, புடிச்சதைப் போடற ஓலைப் பறியைப் பல்லுல கடிச்சிக்கிட்டு. அன்னைக்குத் தண்ணியில எறங்கல. கரை மேல பறியைக் கவுத்து வெச்சிட்டுச் சும்மா உக்காந்திருந்தா. எங்களைப் பாத்ததும் எழுந்து கரையோட ஓடியாந்தா.

"ஐயா, மேல ஏரி ரொம்பி ராத்திரி கலங்கல் எடுத்து வழியுது. ஓடை வேகமா எறங்குது. குழாய்ல பூராதீங்க. ரோட்டு மேல தூக்கிட்டுப் போயிடுங்க."

"அளந்து வெச்சிருக்கேன்மா, எனக்குத் தெரியும்"ன்னேன்.

"அளந்தப்போ இருந்த தண்ணி இது இல்ல ஐயா"ன்னா.

மாப்ளை கரை ஓரமா கோரையைப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டாரு. "மச்சான், தூக்கிட்டே போயிடலாமே. பத்து நிமிஷ வேலை."

எனக்குச் சுருக்குன்னுது சார். உள்ளதைச் சொல்றேன். முப்பத்து மூணு வருஷம் ஜில்லா முழுக்க என் அளவை ஒத்துக்கிட்டவங்க இருக்காங்க. எங்கூடவே வர்ற மனுஷன், எறா புடிக்கறவ பேச்சைக் கேட்டுக்கிட்டு என் அளவைச் சந்தேகப்பட்டா? "மாப்ள, நான் சொன்னா சரியா இருக்குமா, இருக்காதா?"ன்னேன். அவரு அஞ்சலையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. "இருக்கும் மச்சான்"ன்னாரு.

எப்பவும் நான்தான் முன்னால போவேன். அன்னைக்கு மட்டும் அவரை விட்டேன். ஏன்னா, குழாய்க்குள்ள போறதை வீடியோ எடுத்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. மத்தபடி வேற காரணம் ஒண்ணும் இல்ல. நான் ஒரு கருவேல மரத்தைப் புடிச்சி நின்னுக்கிட்டு போனை எடுத்தேன். சேப்புக் கோடு தெரியுதான்னு பாத்தேன். தெரியல. வெயில் எதிர்ல அடிச்சிது, அதனால தெரியல.

"போங்க மாப்ள, எடம் இருக்கு"ன்னேன்.

போனாரு.

அப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு? வாய்க்கிட்ட போனதும் படகு குறுக்க திரும்பிடுச்சு. குழாய் ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு, தண்ணி மேல ஏறி, அப்படியே கவுந்துடுச்சு. மஞ்சப் படகு அங்கேயே நிக்குது, ஆளைக் காணோம். நான் கரை ஏறி, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பாக்கறேன். மூணு குழாய்லயும் தண்ணி கொப்பளிச்சிக்கிட்டு வருது. நடுக்குழாய்ல இருந்து அவரு தொப்பி வந்துச்சு. அவரு வரல.

அஞ்சலை பொடவையை வரிஞ்சி கட்டிக்கிட்டுக் குதிச்சிட்டா. எட்டியப்பன் எங்கிருந்தோ ஓடியாந்து இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு எறங்கினான். நான் சும்மா நின்னேன்னு ஊர்ல சொல்றாங்க. பொய் சார். நான்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணேன். எடத்தைச் சரியா சொன்னேன், சர்வே நம்பர், உட்பிரிவு, எல்லாம். போனை எடுத்த பொண்ணுக்கு விளங்கல. திரும்பத் திரும்ப "எந்த எடம் சார், எந்த எடம் சார்"ங்குது. எட்டியப்பன் தண்ணியில இருந்து ஏறி வந்து எங்கையில இருந்து போனைப் புடுங்கி, "உப்பளத்து ரோடு, மூணு குழாய்"ன்னான். வந்துட்டாங்க.

நாப்பது நிமிஷம் ஆச்சு வெளிய எடுக்க. உள்ள முள்ளு அடைச்சிருந்துதாம். அந்த ஜாக்கெட்டு அவரைக் கூரையோட ஒட்ட வெச்சிடுச்சு, அது இல்லாம இருந்திருந்தா தண்ணியோட அடியில போய் வெளிய வந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. ஜாக்கெட்டைப் போடாம விட்டிருந்தா அதுக்கும் என்னைத்தானே சொல்லியிருப்பாங்க?

போலீஸ்ல விபத்துன்னு எழுதிட்டாங்க. அதோட முடிஞ்சிது. ஆனா வேதா என்ன பண்ணா தெரியுங்களா? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும், எல்லாரும் கலையறப்போ, என் முன்னால வந்து நின்னா. "வீடியோ எடுத்தியாமே, அனுப்பு"ன்னா. மறைக்க என்ன இருக்கு? அனுப்பினேன். பதினாலு செகண்டுதான். என் குரல் கூட அதுல இருக்கு. பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"எடம் இருந்துதா?"

"என் அளவுப்படி இருந்துச்சும்மா"ன்னேன்.

அதோட பேச்சை நிறுத்திட்டா. நாலு மாசம். போன் எடுக்கல, போனா கதவு தொறக்கல. கூடப் பொறந்தவ சார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த நாலு மாசம் நான் சரியா தூங்கல. எங்க தப்பு, எங்க தப்புன்னு படத்தை எடுத்து வெச்சிக்கிட்டு ராப்பகலா பாக்கறேன். படத்துல தப்பே இல்ல.

சித்திரையில திரும்பப் போனேன். தனியாத்தான். ஆமா, விதியை மீறித்தான் போனேன், வேற யாரு வருவாங்க எங்கூட? டேப்பைப் புடிச்சி அளந்தேன். ரெண்டேமுக்கால் அடி! நான் சொன்னதை விட அரையடி ஜாஸ்தி. சேப்புக் கோடு பளிச்சுன்னு இருந்துச்சு. படகுல சாஞ்சி குழாய்க்குள்ள பூந்து அந்தப் பக்கம் போனேன், திரும்ப வந்தேன். ஒரு கீறல் கூட இல்ல. டேப்போட போட்டோ எடுத்து வேதாவுக்கு அனுப்பினேன். 'எடம் இருக்கு பாரும்மா'ன்னு கீழ எழுதினேன். அவ மனசு ஆறணுமேன்னுதான்.

பதில் வரல. ஆனா ஆனி மாசத்துல ஒரு நாள் காலைல என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. மாப்ளையோட பேண்ட்டு, மாப்ளையோட முழுக்கைச் சட்டை. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டு இறுக்கியிருந்தா. அம்பத்தி நாலு வயசு சார் அவளுக்கு, பொறந்ததுல இருந்து பொடவையைத் தவிர வேற ஒண்ணும் கட்டினதில்ல. "மஞ்சப் படகை ஓட்டக் கத்துக் குடு"ன்னா.

எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஆடியில இருந்து ஐப்பசி வரைக்கும் கத்துக் குடுத்தேன். படகு ரெண்டும் அப்ப இருந்து அவ வீட்டுக் கொட்டாய்லதான் கெடக்கு. ஏரியில எறக்கி விடுவோம். என்ன வேகம்ங்கறீங்க! மாப்ளை மாதிரி நடுவுல நிக்கறது, பறவை பாக்கறது, அதெல்லாம் கெடையாது. நேரா போவா, நேரா வருவா. பேச்சும் கெடையாது. கேக்கறதெல்லாம் ஓட்டறதைப் பத்தித்தான். "குறுக்க திரும்பிட்டா எப்படி நேராக்கறது? தண்ணி எவ்ளோ வேகத்துல வந்தா துடுப்பு நிக்காது? ஜாக்கெட்டு போட்டவன் உள்ள மாட்டினா கழட்ட எவ்ளோ நேரம் ஆகும்?" அவ்வளவு கருத்தா கேப்பா. எனக்கு இப்படி ஒரு சிஷ்யை கெடைச்சதில்ல. அஞ்சலைகிட்ட நீச்சல் வேற கத்துக்கிட்டா, எனக்கே தெரியாம.

ஒரு தடவை நண்டோடைக்கும் போனோம். புரட்டாசி. தண்ணி கம்மி. குழாய்கிட்ட போய் படகை நிறுத்திட்டு உள்ள எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா. "பூந்து போலாமா? சுலபம்தான்"ன்னேன்.

"இப்ப வேணாம். தண்ணி வரட்டும்"ன்னா.

அப்புறம் என்னைப் பாக்காமலே கேட்டா. "அன்னைக்கு எடம் இருந்துதா?"

"திரும்பத் திரும்ப அதையே கேக்கறியேம்மா. போட்டோ அனுப்பினேன் இல்ல?"

"போட்டோ சித்திரையில எடுத்தது. நான் கார்த்திகையைக் கேக்கறேன். தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும். நான் படகைக் கரையில போட்டுட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

எப்படி சார் சொல்றது? நீங்களே சொல்லுங்க. எந்தங்கச்சிதான், அவ மனசுக்காக ஒரு பொய்யைச் சொல்லிடலாம். ஆனா அளவுன்னு ஒண்ணு இருக்கு இல்ல? அன்னைக்கு ஒண்ணைத் தப்புன்னு ஒத்துக்கிட்டா, முப்பத்து மூணு வருஷமா நான் நட்ட கல்லு எல்லாத்தையும் நாளைக்கு ஒருத்தன் வந்து தப்பும்பான். "இருந்துச்சும்மா"ன்னேன். அவ தலையை ஆட்டினா. துடுப்பைப் போட்டுத் திரும்பிட்டா.

போன வாரம் மாப்ளைக்கு வருஷத் திதி. என்னைக் கூப்பிடல. சரி, விட்டுட்டேன். அதுக்குள்ள மழை புடிச்சிக்கிச்சு. நேத்து சாயங்காலம் போன் வருது. "அண்ணா"ங்கறா. ஒரு வருஷம் ஆச்சு சார் அவ வாயில இருந்து அந்த வார்த்தை வந்து. "அண்ணா, மேல ஏரி கலங்கல் எடுத்துடுச்சாம். நாளைக்கு நண்டோடைக்குப் போலாம், வர்றியா?"ன்னா.

"வரேம்மா, வராம?"ன்னேன்.

"குழாய்ல எடம் இருக்கும் இல்ல?"

"இருக்கும்மா."

"அப்ப நீ முன்னால போ. நான் பின்னால நின்னு பாக்கறேன்"ன்னா.

எவ்ளோ நம்பிக்கை பாருங்க என் மேல. கடைசியில ரத்த சொந்தம்னு ஒண்ணு இருக்கு. ராத்திரியெல்லாம் சந்தோஷத்துல தூக்கமில்ல.

காலையில அந்த அஞ்சலை போன் பண்ணா. எந்நம்பர் யாரு குடுத்தாங்களோ. "ஐயா, நீங்க வராதீங்க. அம்மா நேத்தெல்லாம் குழாய்கிட்டயே நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க மொகம் சரியில்ல"ங்கறா. எனக்கு வந்துதே கோவம். அண்ணன் தங்கச்சி சேர்றது கூட இவங்களுக்குப் பொறுக்கல பாருங்க. பட்டுனு வெச்சிட்டேன்.

வடக்க பாத்தீங்களா, எப்படி இருட்டிக்கிட்டு வருதுன்னு? ஒரு மழைக்கு இருக்கு. வரட்டும். இந்தத் தடவை டேப்பு எடுத்துட்டு வந்திருக்கேன். வேதா கண்ணு முன்னாலயே அளந்து காட்டிடறேன், அதோட அவ மனசுல இருக்கறதெல்லாம் போயிடும்.

என்ன சார், அப்படிப் பாக்கறீங்க? நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலியே, யாரு மேல தப்புன்னு.

கைகாட்டி வந்துடுச்சு. கண்டக்டர், எறங்கணும், எறங்கணும்! கொஞ்சம் காலை மடக்குங்க, துடுப்பு சிக்கிடும். அதோ, ஸ்டாப்புல நிக்கறா பாருங்க. அதே சட்டைதான். அடிக்கற தூத்தல்ல ஒரு கொடை கூட இல்லாம எப்ப இருந்து நிக்கறாளோ.

கையை விடுங்க சார். என்ன இது, பிள்ளை மாதிரி? எதுவா இருந்தாலும் திரும்பி வர்றப்ப பேசிக்கலாம். விடுங்க, எந்தங்கச்சி நனையறா.